சதுப்பைத் தோண்டிக் குட்டையாக்கினால் அதில் வாழும் நுண்ணுயிர்கள் என்னவாகும்?

மலைப்பள்ளி (கோத்தகிரிப் பக்கம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பள்ளிக்குப் பின்புறம், தேயிலைச் சரிவு இறங்கி முடியும் இடத்தில், ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அளவுக்கு ஒரு சதுப்பு இருக்கிறது. கோரையும் புல்லும் பாசி மெத்தையும் மூடிய நிலம். கால் வைத்தால் முழங்கால் வரை கறுப்புச் சேற்றில் இறங்கிவிடும். அதன் கீழ்க்கோடியில் கசியும் ஊற்றிலிருந்துதான் ஊரின் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் செல்கிறது.

சென்ற பருவத்தில் பள்ளிக்குச் சில காகித நுண்ணோக்கிகள் கிடைத்தன. ஃபோல்ட்ஸ்கோப் என்று சொல்வார்கள்; ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட கருவி. ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கிக் காட்டும். சதுப்பின் பாசியைப் பிழிந்து, ஒரு சொட்டை வைத்துப் பார்த்த நாளிலிருந்து பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. பிறை போல வளைந்த பச்சை உயிர் ஒன்றின் இரு நுனிகளிலும் பொடிப்பொடியான துகள்கள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருப்பதைக் கண்ட ஏழாம் வகுப்பு மாணவி, “டீச்சர், இதற்குள்ளே யாரோ கடுகு தாளிக்கிறார்கள்” என்றாள். தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வது போலத் தோன்றும் ரோட்டிஃபர்களையும், எட்டுக் கால்களுடன் தள்ளாடி நடக்கும் ஒரு நீர்க்கரடியையும், யூட்ரிகுலேரியா என்னும் சிறு செடியின் பைக்குள் அகப்பட்டுத் துடித்த ஓர் உயிரையும் பார்த்தோம்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஊருக்குத் தண்ணீர் போதுவதில்லை. எனவே சதுப்பைப் பொக்லைன் கொண்டு பத்தடி ஆழம் தோண்டி, கரை கட்டி, குட்டையாக்கிவிடலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. மார்ச் 22, உலக நீர் நாள் அன்று கூடும் கிராம சபையில் இது தீர்மானமாக வரும் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. “சேறாகக் கிடக்கும் இடம் தண்ணீராக நிற்கட்டுமே” என்பதுதான் அவர்களுடைய நியாயம்.

என்னைத் தடுமாற வைத்தது என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி. “நுண்ணுயிர்கள் எங்கும்தான் இருக்கின்றன. சாக்கடையிலும் இருக்கின்றன, பூந்தொட்டியிலும் இருக்கின்றன. நாளை வெட்டப்போகும் குட்டையிலும் தாமாகவே வந்துவிடும். காட்டெருமைக்காகவோ இருவாச்சிக்காகவோ ஓர் இடத்தைக் காப்பாற்றலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக ஊரின் தண்ணீரைத் தடுக்க முடியுமா?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்வது சரிதானா? சரியில்லை என்றால், என் மாணவர்கள் பார்த்தவற்றைக் கிராம சபையில் எப்படி முன்வைப்பது? துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய நுண்ணோக்கி (குன்னூர்) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நன்னீர் நுண்ணுயிர்கள்தாம் என் பாடம். உங்கள் நண்பர் கேட்டது சாதாரணக் கேள்வியன்று. 1934-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ் பெக்கிங் என்னும் அறிவியலாளர் இதை ஒரு விதியாகவே எழுதினார்: எல்லாம் எங்கும் உள்ளன, ஆனால் சூழல் தேர்ந்தெடுக்கிறது. முதல் பாதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த முதல் பாதியே முழு உண்மையா, ஒரு சில நிலப்பகுதிகளில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களும் உண்டா என்பது பற்றிப் பெரிய வாதம் நடந்துகொண்டிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டாலும், இரண்டாம் பாதி ஒன்றே உங்களுக்குப் போதுமானது.

உங்கள் மாணவி கண்ட ‘கடுகு தாளிக்கும்’ பிறை குளோஸ்டீரியம் என்னும் டெஸ்மிட் வகைப் பாசி. அதன் இரு முனைகளிலும் உள்ள சிறு நீர்ப்பைகளில் படிகத் துகள்கள் மிதக்கின்றன. நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுவதால் அவை அப்படித் துள்ளுகின்றன. பாடநூலில் பிரௌன் இயக்கம் என்று படிக்கிறோமே, அதை இவ்வளவு அழகாகக் காட்டும் வேறோர் உயிர் எனக்குத் தெரியாது. குளோஸ்டீரியத்தில் சில இனங்கள் ஊட்டம் மிகுந்த நீரிலும் வாழும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் டெஸ்மிட்டுகள் பல வகையாகத் திரண்டிருக்கும் இடம், பெரும்பாலும் சுண்ணம் குறைந்த, உரச்சத்து குறைந்த, சற்றே புளிப்பேறிய மென்னீராகத்தான் இருக்கும். நீலகிரியின் சார்னோகைட் பாறை எளிதில் கரையாதது. அதன் மேல் ஊறி, மட்கிய தாவரங்களின் ஊடே கசிந்து வரும் நீர் அத்தகையதே. ஆகவே உங்கள் பிள்ளைகள் ஒரே சொட்டில் எத்தனை வடிவ டெஸ்மிட்டுகளைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பிறை, எட்டு என்ற எண்ணைப் போல நடுவில் இடுங்கியது, ஓரமெல்லாம் வெட்டுப்பட்ட நட்சத்திரம் என்று ஐந்தாறு வடிவங்கள் இருந்தால், அந்தச் சதுப்பின் நீர் இன்னும் கெடவில்லை என்று நான் துணிந்து சொல்வேன்.

இனி, அதே இடத்தில் பத்தடிக் குட்டை வெட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மேலே தேயிலைத் தோட்டம். யூரியாவும் பாஸ்பேட்டும் மழையோடு இறங்கித் திறந்த, தேங்கிய, வெயில் படும் நீரில் சேரும். அங்கேயும் நுண்ணுயிர்கள் வரத்தான் செய்யும். உங்கள் நண்பர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் வருபவை வேறு. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பசும்பாசிகள் பச்சை வண்ணப்பூச்சைக் கொட்டியது போலப் படரலாம். அவற்றில் சில, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சைச் சுரப்பவை. அந்த நஞ்சின் முதன்மையான வகைக்கு உலக நலவாழ்வு அமைப்பு குடிநீரில் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு வெறும் 1 மைக்ரோகிராம் என்பதிலிருந்து அதன் கடுமையை அறியலாம். நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. மலையில் தேக்கிய நீர் என்பதாலேயே தூய்மையாக இருந்துவிடாது என்பதற்கு, 1824-இல் ஜான் சல்லிவன் காலத்தில் உருவான ஊட்டி ஏரி கழிவுநீரையும் ஆகாயத்தாமரையையும் சுமந்து நின்ற கதையை நீலகிரிக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

சபையில் பேசும்போது ஒன்றை மட்டும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். “இங்கே அரிய உயிர்கள் இருக்கின்றன” என்று சொல்லாதீர்கள். உங்களால் அதை மெய்ப்பிக்க முடியாது. பெரும்பாலும் எவராலும் முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்கள் பற்றி ஐ.யூ.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் 1,146 இனங்கள் ஆராயப்பட்டன. 290 மீன்கள், 77 மெல்லுடலிகள், 171 தும்பி இனங்கள், 608 நீர்த்தாவரங்கள். ஏறத்தாழ 16 விழுக்காடு அழியும் நிலையில் உள்ளவை என்று அது கண்டது. அந்தக் கணக்கில் ஒரு ரோட்டிஃபர் இல்லை, ஒரு டெஸ்மிட் இல்லை, சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசியான டயட்டம் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் இல்லாததால் அவற்றுக்கு ஆபத்தில்லை என்று பொருளாகாது. அவற்றை யாரும் இன்னும் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் பாசியியலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய மரபு உண்டு. எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) சென்னையிலிருந்து வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றிச் செய்த ஆய்வுகளும், டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பசும்பாசி நூலும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுபவை. அந்த மரபு மலைச் சதுப்புகளின் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை என்பது என் வருத்தம். நானும் அந்தக் குறைக்கு உட்பட்டவன்தான்.

அப்படியானால் எதைச் சொல்வது? அந்த உயிர்கள் உங்கள் ஊருக்காகச் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். சதுப்பின் மேல் ஓரிரு அங்குலத்தில்தான் காற்று புகும். அதன் கீழே ஆக்சிஜன் இல்லை. மேலடுக்கில் உள்ள பாக்டீரியாக்கள் உரத்திலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கீழடுக்கில் உள்ளவை மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்காமல் அந்த நைட்ரேட்டையே பிடித்துக்கொண்டு, அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. மேலே தேயிலை, கீழே குடிநீர் ஊற்று, நடுவில் இந்தச் சேறு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். சம்பளம் வாங்காத இந்தச் சுத்திகரிப்பு ஆட்களைத்தான் பொக்லைன் அள்ளி லாரியில் ஏற்றப்போகிறது. புதிய குட்டையின் அடியிலும் காலப்போக்கில் வண்டல் படியும், இதே வகை பாக்டீரியாக்கள் வரும். ஆனால் கோரை வேர்களும் மட்கிய நாரும் பின்னிய, நீர் மெல்ல மெல்ல ஊர்ந்து போகும் அந்த அடுக்கு அமைய எத்தனை தலைமுறை ஆகும் என்று யோசியுங்கள்.

காலக்கணக்கு வேண்டுமானால் அதுவும் நம் மலையிலேயே இருக்கிறது. ஊட்டிக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாச் சதுப்பில் பீட் எனப்படும் கறுத்த நார்மண்ணை ஆழத்திலிருந்து எடுத்து, அதிலுள்ள கார்பன் ஓரிடத்தான்களை அளந்து, ஏறத்தாழ 40,000 ஆண்டுகளில் புல்வெளியும் சோலைக்காடும் மாறிமாறி மேலோங்கிய வரலாற்றை ஆர். சுகுமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-களில் வெளியிட்டார்கள். ஆக்சிஜன் இல்லாத நீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் முழு வேகத்தில் மட்கச் செய்ய முடியாமற்போனதால்தான் அந்த மண் அங்கே சேர்ந்திருக்கிறது. உங்கள் சதுப்புக்கு அவ்வளவு வயது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சேறு உயிரற்ற குப்பையன்று. ரோட்டிஃபர்களும் டாஃப்னியா போன்ற நீர்ப்பூச்சிகளும் வறட்சிக் காலத்துக்கென இட்டுவைத்த உறங்குமுட்டைகள் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கும். அமெரிக்காவில் ஓர் ஏரியின் வண்டலில் 600 ஆண்டுகளுக்கு மேல் கிடந்த டாஃப்னியா முட்டைகள் பொரித்திருக்கின்றன. சைபீரிய உறைமண்ணில் 24,000 ஆண்டுகள் கிடந்த ரோட்டிஃபர்கள் எழுந்து நடமாடியதாக 2021-இல் அறிவித்தார்கள். நம் வீட்டுக் குதிரில் விதைநெல் இருப்பது போலத்தான். அதை உடைத்துவிட்டு அடுத்த மழைக்கு எதை விதைப்பது?

இன்னொன்று. சதுப்பு மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் பிழிந்து கொடுக்கும் என்று மேடையில் பேசுவதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. ஏற்கெனவே நனைந்து நிறைந்திருப்பது மேலும் எவ்வளவு உறிஞ்சும்? அது செய்வது வேறு: சரிவிலிருந்து வரும் நீர் ஓடிப்போகாமல் தடுத்து, சுற்றுப்புற நிலத்தடி நீரின் மட்டத்தைத் தாழாமல் பிடித்து வைக்கிறது. நடுவே பத்தடிப் பள்ளம் விழுந்தால் சுற்றியுள்ள நீரெல்லாம் அந்தப் பள்ளத்தை நோக்கி வடியும். முதல் ஆண்டு குட்டை நிறைந்திருப்பதைப் பார்த்து ஊரே மகிழும்.

சிறு தேயிலைக்காரன் எழுதியது:

டீச்சர் அவர்களுக்கும் பேராசிரியர் ஐயாவுக்கும் வணக்கம். நான் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன். அறிவியல் தெரியாது, ஆனால் ஐயா கடைசியாகச் சொன்ன வரியைப் படித்தபோது எங்கள் ஊர்க் கதையை ஒளிந்திருந்து பார்த்தாரோ என்று தோன்றியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இப்படித்தான் ஒரு சதுப்பைத் தோண்டினோம். அள்ளிய கறுப்பு மண்ணைக் காய்கறித் தோட்டத்துக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றிச் சென்றார்கள். இரண்டு ஆண்டுகள் குட்டை நிறைந்து நின்றது. மூன்றாம் கோடையில் மேலே பச்சை ஏடு படிந்து நாற்றம் எடுத்தது. மாடுகூட வாய் வைக்கவில்லை. கீழே இருந்த ஊற்றும் நூலாகிவிட்டது. இன்று அங்கே சீகை (வாட்டில்) மரங்கள் முளைத்துக் கிடக்கின்றன.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் இரண்டு விஷயங்களைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. முதலாவது, ஏப்ரல் மாதத்தில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம் ரோட்டிஃபரைப் பற்றிப் பேசினால் என்ன நடக்கும் என்று டீச்சர் எண்ணிப் பார்க்க வேண்டும். “தோண்டாதீர்கள்” என்று சொல்பவர், “இதைச் செய்யுங்கள்” என்றும் கையோடு சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பிற்பாடு செய்ததைச் சொல்கிறேன். ஊற்றுக்கும் தொட்டிக்கும் இடையே இருந்த பழைய குழாயை மாற்றினோம். பாதித் தண்ணீர் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பள்ளி, சமுதாயக்கூடம் ஆகியவற்றின் கூரைநீரைத் தொட்டியில் பிடித்தோம். குட்டை வேண்டுமென்றால் சதுப்புக்கு வெளியே, ஊற்றுக்குக் கீழே, மாட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் சிறியதாக வெட்டலாம். நீலகிரியில் பொக்லைனை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதையும் சபையில் நினைவூட்டுங்கள். அதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, நுண்ணுயிர் என்றாலே நல்லது என்று பேச்சு போவது எனக்குப் பொருந்தவில்லை. என் தாயார் பிறந்தது சமவெளி. படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்து நரம்புச் சிலந்தி வந்து, காலிலிருந்து புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்த கதைகளை அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் புழுவைச் சுமந்து வந்ததும் தண்ணீரில் இருந்த ஒரு பொடிப்பூச்சிதான் என்று கேள்விப்பட்டேன். அப்படியிருக்க, ஊற்றுநீரில் இவ்வளவு உயிர்கள் இருக்கின்றன என்று டீச்சர் படம் காட்டினால், “இதையா குடிக்கிறோம்?” என்று ஊர் பயந்துவிடாதா?

பேரிஜம் பனி (கொடைக்கானல்) எழுதியது:

வணக்கம். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். இப்போது பழனிமலை ஓடைகளில் களப்பணி செய்கிறேன். மேலே தேயிலைக்கார அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். நரம்புச் சிலந்தியைச் சுமந்த பொடிப்பூச்சி சைக்ளாப்ஸ்தான். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்ததென 2000-இல் அறிவிக்கப்பட்டது. ஒழித்த விதம் கவனிக்கத்தக்கது: படிக்கிணறுகளைப் பாதுகாப்பான கிணறுகளாக மாற்றினார்கள், துணியால் வடிகட்டிக் குடிக்கப் பழக்கினார்கள், தேவையான இடங்களில் நீருக்கு மருந்திட்டார்கள். உலகிலுள்ள சைக்ளாப்ஸ் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. புழுவுக்கும் மனிதனுக்கும் இடையிலிருந்த வழியை அடைத்தால் போதுமானதாக இருந்தது.

நுண்ணுயிர்கள் நம் நன்மை தீமை அறிந்து வேலை செய்பவை அல்ல என்பதற்கு எங்கள் ஊர் ஏரியே சான்று. கொடைக்கானல் ஏரி 1863-இல் வெரே ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் ஒரு சதுப்புப் பள்ளத்தை அணையிட்டு உருவாக்கப்பட்டது. எங்கள் ஊரில் 2001-இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையைப் பற்றி எல்லோரும் அறிவார்கள்; பின்னர் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் அளக்கப்பட்டது. அடிச்சேற்றில் கிடக்கும் பாதரசம் தானாக மீனுக்குள் அவ்வளவு எளிதில் ஏறுவதில்லை. ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும், சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் சில பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றும்போதுதான் அது நுண்பாசி, டாஃப்னியா, சிறுமீன், பெருமீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே போகிறது. உங்கள் சதுப்பில் நைட்ரேட்டை நீக்கும் அதே ஆக்சிஜனற்ற சேறுதான் இங்கே நஞ்சையும் சமைக்கிறது. ஆகவே “நல்ல நுண்ணுயிர்கள்” என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சேற்றில் நாம் எதைக் கொட்டுகிறோமோ அதைத்தான் அவை பதப்படுத்தித் தரும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அருகில் சோலைக்குள் ஓடும் நீரோடை இருந்தால், சிறு வீழ்ச்சிக்குக் கீழே கல்லிடுக்கில் தேங்கும் பழுப்பு நுரையைக் கொஞ்சம் அள்ளிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு கைகளை விரித்தாற்போல, கடலில் போடும் நங்கூரம் போல, சிறு உருவங்கள் தெரியும். அவை நீரில் விழுந்த இலையை மட்கச் செய்யும் பூஞ்சைகளின் விதைத்தூள்கள். 1942-இல் இங்கோல்டு என்னும் பூஞ்சையியலாளர் ஓடையிலைகளில் கண்டு எழுதியது முதல் உலகெங்கும் ஆராயப்படுகின்றன. ஓடும் நீரில் அடித்துக்கொண்டு போகாமல் எதிலாவது மாட்டிக்கொள்வதற்குத்தான் அந்த நான்கு கைகள். சோலை மரத்து இலை ஓடையில் விழுந்ததும் இந்தப் பூஞ்சை முதலில் ஏறி அதை மென்மையாக்கும். அதன் பிறகே நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்கள் அதைக் கடித்துத் தின்னும். அவற்றை மீனும் தவளையும் தின்னும். தைல மரத்தின் இலையில் எண்ணெயும் துவர்ப்பும் மிகுதியாக இருப்பதால் பூஞ்சை ஏறத் தாமதமாகிறது. ஓடைக்கரையில் எந்த மரம் நிற்கிறது என்பது நீருக்குள்ளும் எதிரொலிக்கும் என்பதைப் பிள்ளைகள் இரண்டு வகை இலைகளையும் வலைப்பையில் கட்டி ஓடையில் போட்டு, ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தே அறியலாம்.

ஓர் எச்சரிக்கை. ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகும் முன் செருப்பையும் வலையையும் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையின் நீந்தும் வித்துகள் ஈரத்தில்தான் பரவும். அது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த வித்துகளை டாஃப்னியா வடிகட்டித் தின்றுவிடுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

கிராம சபைக்கு வேறு எதையும் தேட வேண்டாம். உங்கள் கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். 2024 ஜனவரியில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பல ஊர்களுக்குத் தண்ணீர் தரும் சோலை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பழைய நுண்ணோக்கி எழுதியது:

“இதையா குடிக்கிறோம்?” என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நல்ல ஏரிநீர் என்று நாம் சொல்வதில்கூட ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். குடிநீரில் கவலைக்குரியவை மலத்தோடு வருபவை. ரோட்டிஃபரும் டெஸ்மிட்டும் அல்ல. 1914-இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய குடிநீர் நிலையத்தில் மெதுமணல் வடிகட்டிகள் இருந்தன. அந்த வகை வடிகட்டியில் மணல் மட்டும் நீரைத் தூய்மையாக்குவதில்லை. மணலின் மேற்பரப்பில் பாசியும் பாக்டீரியாவும் அமீபாவும் ரோட்டிஃபரும் சேர்ந்து ஒரு வழவழப்பான தோல் போலப் படர்ந்த பிறகுதான் அது நோய்க்கிருமிகளைச் சரிவரப் பிடிக்கும். புதிதாகச் சுரண்டிச் சுத்தம் செய்த வடிகட்டியின் நீரை, அந்தத் தோல் மீண்டும் படரும் வரை, ஊருக்கு விடாமல் வெளியேற்றிவிடுவார்கள். டீச்சர், சபையில் இந்த ஒன்றைச் சொல்லுங்கள். சதுப்பின் மேலடுக்கும் அப்படிப்பட்ட ஒரு தோல்தான். ஆனாலும் தொட்டிநீரைக் கொதிக்க வைத்தோ குளோரின் இட்டோதான் குடிக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

மலைப்பள்ளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தேயிலைக்கார அண்ணன் சொன்னபடி முதலில் குழாயைப் பார்த்தோம். ஊற்றிலிருந்து தொட்டி வரை நடந்ததில் மூன்று இடங்களில் கசிவு. ஓரிடத்தில் கசிவு நீரிலேயே கீரை வளர்ந்திருந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். என் நண்பரிடம் பாஸ் பெக்கிங்கின் இரண்டாம் பாதியைச் சொன்னேன். “சரி, சூழல் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் காட்டு, பார்க்கலாம்” என்று விட்டார்.

சபைக்கு இன்னும் நான்கு வாரங்கள் இருக்கின்றன. சதுப்பிலும், பக்கத்துத் தோட்டத்தில் உள்ள ஒரு பழைய உரக்குட்டையிலும் என்ன வாழ்கிறது என்பதை ஒப்பிட்டுக் காட்டலாமா? மாணவர்கள் எப்படிச் செய்ய வேண்டும், எதைப் பதிவு செய்ய வேண்டும்?

பழைய நுண்ணோக்கி எழுதியது:

அந்த ஒப்பீடு மிக நல்ல யோசனை. இனப்பெயர் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அதில் ஆண்டுகள் போய்விடும். வடிவங்களை வரையச் சொல்லுங்கள். ஒரு சொட்டுக்கு எத்தனை வகை வடிவம், எது மிகுதி என்பது மட்டும் போதும். இரண்டு இடங்களிலும் ஐந்தைந்து கண்ணாடித் தகடுகளைச் சணல் கயிற்றில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கவிடுங்கள். மூன்று வாரத்தில் டயட்டம்களும் பிற பாசிகளும் ஒட்டிக்கொள்ளும். வேதியியல் சோதனை அந்த நேரத்து நீரை மட்டும் காட்டும். தகட்டில் ஒட்டியவை மூன்று வாரமும் அந்த நீரில் வாழ்ந்தவை. எடுத்த அன்றே பார்த்துவிட வேண்டும். மூடிய புட்டியில் ஓர் இரவு வைத்தால் பாதி செத்துவிடும். சதுப்புக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. பலகை போட்டு அதன் மேல் நின்று எடுக்கட்டும்.

நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டு எழுதிய லேவன்ஹூக் 1674-இல் தம் ஊருக்கு அருகிலிருந்த ஏரியின் நீர் கோடையில் வெளுத்து, பச்சைத் திட்டுகளோடு கிடப்பதைப் பார்த்தார். அது பனியினால் உண்டாவது என்று ஊர்மக்கள் சொன்னார்கள். அவர் ஒரு குப்பியில் அள்ளி வந்து மறுநாள் பார்த்தார். அவரிடம் இருந்ததும் உங்கள் காகிதக் கருவியைப் போல ஒற்றை வில்லைதான்.

நைட்ரேட், அமிலத்தன்மை ஆகியவற்றைப் பார்க்க, ஊராட்சிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பல ஊர்களில் அது பிரிக்கப்படாமலே அலமாரியில் இருக்கும். சதுப்புக்கு மேலே தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் வாய்க்கால், சதுப்பின் நடு, கீழே உள்ள ஊற்று என்று மூன்று இடங்களில், உரமிட்ட பிறகு பெய்யும் முதல் மழைக்கு மறுநாள் எடுங்கள். மூன்று எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சபையில் ஒட்டுங்கள்.

மலைப்பள்ளி எழுதியது:

பெட்டி கிடைத்தது, ஐயா. நீங்கள் சொன்னபடியே பிரிக்கப்படாமல்தான் இருந்தது. தகடுகளை இன்று காலை தொங்கவிட்டோம். உரக்குட்டையின் உரிமையாளர் எதற்கென்று விசாரித்துவிட்டு, அவரும் ஒரு தகட்டைத் தம் கையால் கட்டினார். மழைக்குத்தான் காத்திருக்கிறோம்.